நானூற்றுப் பன்னிரண்டு பேரும் விட்டுப்போன ஒரு பாட்டும்

“ஒரு நாளைக்கு நூறு தடவை மேல போறா, சாயங்காலம் பாத்தா அதே தரையிலதான் நிக்கிறா.” லிஃப்டக்காவைப் பற்றி அவள் புருஷன் சொல்லும் கேலி இது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிற மனுஷன்; வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “நீங்க மட்டும் என்ன, ஊர்த் தண்ணியெல்லாம் மேல ஏத்துறீங்க, நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது” என்று திருப்பிக் கொடுப்பாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. ஒன்பது மாடிக் கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? பல் டாக்டர் முதல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் லிஃப்டக்காதான்.

அந்த லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொத்தானை அமுக்கினால் தானாகப் போய் நிற்கிற சமர்த்து அதற்குக் கிடையாது. இழுத்துச் சாத்துகிற இரும்புக் கதவு இரண்டு. ஓட்டுவதற்குக் கைப்பிடி ஒன்று. மாடியின் தரையும் லிஃப்டின் தரையும் ஒரே மட்டத்துக்கு வரும் நேரம் பார்த்துக் கைப்பிடியை விட வேண்டும். ஒரு விரற்கடை தப்பினாலும் வயசானவர்கள் தடுக்கி விழுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு நாளும் மட்டம் தப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டே நிறுத்துவாள். சங்கிலியின் சத்தத்தை வைத்தே மாடி தெரியும் அவளுக்கு.

நாள் முழுக்க அந்தக் கூண்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளுக்குத் துணை ஒரு பாட்டுதான். தூறலைப் பற்றிய பாட்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா பாடியது. அப்போது கொஞ்ச நாள் எல்லா இடத்திலும் ஒலித்தது. பிறகு அது ஒலித்த கேசட்டோடு அதுவும் போய்விட்டது. ஜனங்கள் அந்த அம்மாவுக்குத் தூறலம்மா என்று பெயர் வைத்தார்கள். வைத்த கையோடு மறந்தும் போனார்கள். லிஃப்டக்கா மட்டும் மறக்கவில்லை. போனில் அதை ஏற்றி, ஸ்டூலுக்குக் கீழே வைத்து, காலையில் கதவைத் திறந்தால் சாத்துகிறவரை ஓடவிடுவாள். கீழேயிருந்து ஒன்பதாவது மாடி போவதற்குள் ஒரு பல்லவியும் ஒரு சரணமும் முடியும். இரண்டாவது சரணம் இறங்கும்போது.

முதலில் பழைய பாட்டென்று கேலியாகச் சிரித்துக்கொண்டே கேட்டவர்கள், போகப் போகச் சிரிப்பை விட்டார்கள். மூன்றாவது மாடியில் இறங்க வேண்டிய கணக்காளர் ஒருவர், “சரணம் முடியட்டும்க்கா, மேல போயிட்டு வர்றப்ப இறங்கிக்கிறேன்” என்றார். அப்புறம் அதுவே வழக்கமாகிப் போனது. ஐந்தாவது மாடியில் டிக்கெட் போடுகிற பெண்கள், எட்டாவது மாடியில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், இராக்காவல் முடிந்து கிளம்புகிற வாட்ச்மேன் பெரியவர், எல்லாரும் பாட்டு முடியட்டும் என்று ஏறி இறங்கினார்கள். “எனக்கு அனுப்புக்கா, எனக்கு அனுப்புக்கா” என்று கேட்டு வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. நெருப்பு கூரையில் பற்றினால் ஒரு வீட்டோடு நிற்குமா? தெருவில் பழக்கடையில் கேட்டது; பஸ்ஸில் டிரைவர் போட்டார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர் போனில் ஒரு குழுவே தொடங்கிவிட்டார். பாட்டு விற்கிற கம்பெனி இல்லை, கடை இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு பழைய லிஃப்ட் ஒரு பாட்டைத் தூக்கி ஊர் முழுக்க இறக்கிவைத்தது.

ஒரு நாள் காலை, தலையில் நரை ஓடிய, கழுத்தில் மெல்லிய துணி சுற்றிய ஒரு அம்மா ஏறினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, “யார் பாடறது?” என்றார், குரல் கரகரத்து.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. பழைய ஆளு. இருக்காங்களோ போயிட்டாங்களோ, யாருக்குத் தெரியும்.”

“இருக்கேன்” என்றார் அந்த அம்மா. “ஏழாவது மாடிக்குப் போகணும்.”

லிஃப்டக்கா கைப்பிடியை விடவே மறந்துபோய் ஒன்பதாவது மாடி வரை கொண்டுபோய்விட்டாள். மேலே போய் முட்டி நின்ற பிறகுதான் சுய நினைவு வந்தது. “அம்மா, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தூறலம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பரவால்ல. கம்பெனிக்காரங்க இதைவிட மோசமாச் சொல்லியிருக்காங்க. ‘இந்த வயசுல உங்களை யாரும்மா கேப்பாங்க’ன்னு மூஞ்சிக்கு நேரா.”

ஏழாவது மாடியில் இருப்பவர் தொண்டை டாக்டர். அங்கே போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று லிஃப்டக்கா கேட்கமாட்டாள். இறங்கும்போது முகம் சொல்லிவிடும். மூன்றாவது தடவை இறங்கியபோது தூறலம்மாவின் முகமும் சொன்னது. குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது. அறுத்து எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு பேச வரும்; பாட வருமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாசம் தள்ளலாம், அதற்கு மேல் கூடாது.

“ரெண்டு மாசத்துல என்ன செய்யணும்னு இருக்கு உங்களுக்கு?” என்று கேட்டாள் லிஃப்டக்கா.

“ஒரு பாட்டு இருக்கு. இருபது வருஷமா போற இடமெல்லாம் தூறல், தூறல்னு அதையேதான் கேக்கறாங்க. இது ஒண்ணு, யாரும் கேக்காம நானாப் போட்டது. அதைப் பதிஞ்சு வெச்சுட்டா போதும்.”

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. ஏழிலிருந்து கீழே வருவதற்குள், வாயைத் திறந்தும் திறக்காமலும், நாலே வரி பாடிக் காட்டினார்:

போன இடத்தில் விளக்கிருந்தால்
பொழுது சாயுமுன் ஏற்றிவிடு;
பார்க்கும் கண்கள் இல்லையென்றாலும்
பார்த்திருந்ததாய்க் காட்டிவிடு.

லிஃப்டக்கா அவர் பக்கம் திரும்பினாள். “மீதி?” என்றாள். “மீதியைப் பதியறப்ப கேட்டுக்கோ. எல்லாத்தையும் லிஃப்டுலயே குடுத்துட்டா ஸ்டூடியோவுக்கு எதுக்குப் போறது?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார் தூறலம்மா. அன்றிலிருந்து லிஃப்டக்காவுக்கு அந்த மீதிதான் கவலை. எப்படியாவது அந்தப் பாட்டைப் பதிந்துவிட வேண்டும். அதுவும் இரண்டு மாசத்துக்குள்.

ஜெராக்ஸ்காரரிடம்தான் போய் நின்றாள். தொண்டை விஷயத்தைச் சொல்லவில்லை. தூறலம்மா கேட்டுக்கொண்டது அப்படி: “பாவம் பாத்துப் போடற காசு வேண்டாம். பாட்டுக்காகப் போடட்டும்.”

“கம்பெனிக்காரன் கால்ல விழ வேண்டியதில்லக்கா” என்றார் அவர். “கேக்கறவங்களே முன்னாடி பணத்தைப் போட்டுப் பாட்டு எடுத்துக்கறாங்க இப்பல்லாம்.”

“செய்யாத பலகாரத்துக்கு எவனாவது காசு குடுப்பானா?”

“நம்பிக்கை இருந்தா குடுப்பான். பொறக்காத பிள்ளைக்கு நீங்க சட்டை தைக்கலையா?”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. லிஃப்டின் சுவரில் போனைக் காட்டினால் பணம் போய்ச் சேருகிற கட்டம் போட்ட காகிதம் ஒன்றை ஒட்டினார்கள். முன்பெல்லாம் கம்பெனி முதல் போடும், பாட்டு வரும், ஜனம் வாங்கும். இங்கே தலைகீழாகிவிட்டது. ஜனம் முதல் போட்டது. கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்தபோது வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் சமைத்ததை வாங்கித் தின்கிறவன் ருசியைச் சொல்லிவிட்டுப் போவான். அரிசிக்கே காசு கொடுத்தவன் அடுப்பங்கரைக்குள் வந்து உட்காருவான். அதையும் சொல்லத்தான் வேண்டும். மொத்தம் ஐந்து பாட்டு என்று முடிவானது. எந்தப் பாட்டு வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். நாலு பாட்டை ஜனம்தான் தேர்ந்தெடுத்தது. முதலாவதே தூறல் பாட்டு, மறுபடியும். தூறலம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். ஐந்தாவது மட்டும் அவருடையது.

“பணம் போட்டவங்களுக்குக் கைமாறா ஏதாவது தரணும்க்கா. மத்தவங்க படம் போட்ட சட்டை குடுக்கறாங்க, கையெழுத்துப் போட்ட காகிதம் குடுக்கறாங்க” என்றார் ஜெராக்ஸ்காரர்.

லிஃப்டக்கா யோசிக்கக்கூட இல்லை. “சட்டை கிழியும், காகிதம் கரையும். அவங்க ஒவ்வொருத்தர் பேரையும் அம்மா வாயால சொல்லணும். அது ரெக்கார்டுலயே இருக்கணும்.”

அந்த ஆசை அவளுக்குச் சும்மா வரவில்லை. கட்டடத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தபோது முதலாளி விழா வைத்தார். உழைத்தவர்கள் பெயரையெல்லாம் மேடையில் படிக்கப்போவதாகச் சொன்னார்கள். அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். மானேஜர் முதல் தோட்டக்காரர் வரை படித்தார்கள். லிஃப்ட் கடைசி. அதற்குள் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. “மற்றும் பலருக்கும் நன்றி” என்று முதலாளி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அவள் புருஷன் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அவர் கேலி செய்யாமல் வந்ததுதான் அவளுக்கு வலித்தது. அன்று அவள் ஒரு பாடம் படித்தாள்: கடைசியில் வைத்த பெயர் விட்டுப்போகும்.

பெயர் சொல்லப்போகிறார்கள் என்றதும் குழு பொங்கிவிட்டது. பணம் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு நீளமான நோட்டில் லிஃப்டக்கா தன் கையாலேயே எழுதினாள், ஸ்டூலில் உட்கார்ந்து, மாடிக்கு ஒரு பெயராக. ஒருவர் தன் பெயரோடு பட்டத்தையும் சேர்க்கச் சொன்னார். ஒருவர் கடைப் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தார். “அம்மா பாடணுமா, உன் கடைக்கு ஆள் கூப்பிடணுமா?” என்று அவள் நம்பரை அடித்துவிட்டாள். டிக்கெட் போடுகிற பெண் ஒருத்தி தன் நாயின் பெயரைக் கொடுத்தாள். அதை அடிக்க மனம் வரவில்லை. வாட்ச்மேன் பெரியவர் தன் பெயரைக் கொடுக்கவில்லை. செத்துப்போன மனைவியின் பெயரைக் கொடுத்தார். “அவளுக்குத்தான் அந்தப் பாட்டு பிடிக்கும். நான் கூட இருந்து கேட்டவன், அவ்வளவுதான்” என்றார். எல்லாரையும் எழுதி முடித்து, கடைசி வரியில் தன் பெயரை எழுதினாள். சம்பளப் பட்டியல் பெயரை இல்லை, லிஃப்டக்கா என்று.

ஸ்டூடியோ கிடைத்தது ஒன்றரை நாள்தான். டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்து, ஜன்னலை அடைத்திருந்தார்கள். வாசிக்க ஒரு கீபோர்டுக்காரரும் ஒரு கிடார்க்காரரும். சனிக்கிழமை முழு நாளும், ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரையும். ஒரு மணிக்கு வேறு ஒரு கோஷ்டி வந்துவிடும். டாக்டர் சொன்ன இரண்டு மாசக் கெடு முடிந்து, திங்கட்கிழமை ஆபரேஷன். லிஃப்டக்கா பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமை லீவு போட்டாள்.

சனிக்கிழமை நாலு பாட்டும் முடிந்தன. தூறலம்மா பாடினார் என்றால் பாடினார்! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லிஃப்டக்காவின் முந்தானை நனைந்துபோனது. ஆனால் நாலாவது பாட்டின் முடிவில் குரல் கொஞ்சம் தேய்ந்தது. ஒலிப்பதிவுக்காரர் அதைக் கவனித்தார். ஐம்பது வயதுக்காரர், வாயைவிடக் காதுக்கு அதிகம் வேலை கொடுக்கிறவர்.

ஞாயிறு காலை மைக்கைச் சரிசெய்துகொண்டே, “முதல்ல பாட்டை எடுத்துடலாம்மா. பேரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

நோட்டை மடியில் வைத்திருந்த லிஃப்டக்கா நிமிர்ந்தாள். “அப்புறம்னா?”

“நேரம் இருந்தா.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா வேற யாராவது படிச்சுக்கலாம். நீங்களே படிங்களேன்.”

“நான் படிச்சா எந்த மகராசன் கேப்பான்? அம்மா சொல்வாங்கன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன் சார். நானூத்திப் பன்னெண்டு பேரு.”

“வாக்கு இருக்கட்டும்மா. குரல் இருக்கறப்ப பாட்டை எடுக்கணும். பேரைச் சொல்றதுக்கு எந்தக் குரலும் போதும்.”

அவர் சொன்னது நியாயம். அது நியாயம் என்று அவளுக்கும் அப்போதே தெரிந்தது. தெரியவில்லை என்று அவள் பிற்பாடு ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் ‘அப்புறம்’ என்ற சொல் காதில் விழுந்ததும், மடித்துப் பைக்குள் போன அந்தக் காகிதம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. “பந்தியில கடைசியா உக்காந்தவனுக்குத்தான் சோறு தீர்ந்து போகும். எங்க ஜனத்தை நான் கடைசியில உக்கார வெக்க மாட்டேன். பணம் போட்டது அவங்க. பேரு முதல்ல” என்றாள். அவள் நிறுத்தினால் லிஃப்ட் நிற்கும், ஓட்டினால் போகும். அந்தப் பிடிவாதம் கையிலேயே இருந்தது.

ஒலிப்பதிவுக்காரர் தூறலம்மாவைப் பார்த்தார். தூறலம்மா நோட்டைப் பார்த்தார். “எத்தனை பக்கம்?” என்று கேட்டார். பதினேழு பக்கம். “குடு. இவங்க இல்லேன்னா இந்த ரூம்ல நான் நிக்கவே மாட்டேன்” என்று கையை நீட்டினார்.

வெறுமனே படித்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் பாடுகிறவர் பாடத்தானே செய்வார்? “சும்மா படிச்சா ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற மாதிரி இருக்கும்” என்று, ஒவ்வொரு பெயரையும் மெல்ல ஒரு மெட்டில் போட்டுப் பாடினார். ஒரு பெயர் மேலே ஏறும், அடுத்தது இறங்கும், அடுத்தது ஒரு சுழி சுழித்துக்கொண்டு போகும். நாயின் பெயருக்குக்கூட ஒரு கொஞ்சல் வைத்தார். கிடார்க்காரர் சிரித்துவிட, அதை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. லிஃப்டக்காவின் கையெழுத்து புரியாமல் சில பெயர்கள் தப்பாக வந்தன. அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டித் திருத்தினாள். அப்போது அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! நூறாவது பெயர், இருநூறாவது பெயர். வாட்ச்மேன் மனைவியின் பெயரைத் தூறலம்மா ஒரு தாலாட்டு மாதிரி நீட்டினார். முந்நூறுக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெந்நீர் குடித்தார். ஒலிப்பதிவுக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். லிஃப்டக்கா அவரைப் பார்க்காமல் நோட்டின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பெயர், ‘லிஃப்டக்கா’. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மற்ற எல்லாப் பெயரையும்விட உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் தூறலம்மா. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு பத்து. கீபோர்டுக்காரர் ஐந்தாவது பாட்டைத் தொடங்கினார். தூறலம்மா முதல் வரி பாடினார். இரண்டாவது வரியில் குரல் நடுவே ஒரு கீறல் விழுந்தது. “மறுபடி” என்று கை காட்டினார். இந்தத் தடவை முதல் வரியிலேயே பிளந்தது. மூன்றாவது தடவை வாய் அசைந்தது, காற்று வந்தது, அவ்வளவுதான். ஒரு வாய் வெந்நீர் குடித்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் வாசலில் அடுத்த கோஷ்டி வந்து மேளப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் லிஃப்டக்காவுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை என்பார்கள். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவள் மறக்கவில்லை, தள்ளி வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூறலம்மாவுக்குப் பேச்சு திரும்பியது, உமி ஊதுகிற மாதிரி ஒரு குரலில். பாட்டு திரும்பவில்லை.

ரெக்கார்டு வெளியான நாள் ஊர் கொண்டாடியது. கடை வழியாக வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள், அந்தப் பத்துப் பேர் இன்னும் பத்துப் பேருக்கு. “இந்த வயசுல உங்களை யாரும்மா கேப்பாங்க” என்ற கம்பெனியே ஆள் அனுப்பி விலை கேட்டது. ஜெராக்ஸ்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு, “இது ஜனத்தோட சரக்கு சார், விக்கறதுக்கில்ல” என்று திருப்பி அனுப்பினார். ஒவ்வொருவரும் தன் பெயர் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பாட்டைத் தள்ளிவிட்டுப் பெயருக்குப் போனார்கள். பட்டம் சேர்த்தவர் தன் பட்டத்தை மாத்திரம் நாலு தடவை போட்டுக் கேட்டார். வாட்ச்மேன் பெரியவர் மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு, போனை நெஞ்சுக்கு நேரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படி வழியாக இறங்கிப் போனார். லிஃப்டக்கா செய்ததில் அது ஒன்று நல்லது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தட்டில் அதை வைத்தால், மறு தட்டில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அது பதியப்படவே இல்லையே.

ஐந்து பாட்டு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். நாலுதான் வந்தது. ஐந்தாவது எங்கே என்று அந்த நானூற்றுச் சொச்சம் பேரில் ஒரு ஆள் கேட்கவில்லை. தன் பெயர் வந்துவிட்டது, போதும். கேட்டது ஒரே ஒருத்தர், அவள் புருஷன். ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு முழுசையும் கேட்டுவிட்டு, “அஞ்சுன்னு சொன்ன. நாலுதான இருக்கு?” என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். கேலி ஒன்றும் வரவில்லை. “அன்னிக்கு அந்த மொதலாளி உன் பேரைப் படிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு லிஃப்டக்கா லிஃப்டில் பாட்டுப் போடவில்லை. ஏறுகிறவர்கள் தங்கள் போனில் போடுவார்கள். பெயர்ப் பட்டியல் முடிகிற நேரம் அவளுக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது இரும்புக் கதவை ஓங்கி இழுத்துச் சாத்துவாள். அந்தக் குரல் இந்த உலகத்துக்குக் கடைசியாகப் பாடி விட்டுப்போன சொல் அவள் பெயர். “குடுத்து வெச்சவக்கா நீங்க” என்பார்கள். அவள் கதவை இன்னொரு தடவை இழுப்பாள்.

தூறலம்மா மாசம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வருவார். ஏதேதோ பேசிக்கொள்வார்கள், அதை மட்டும் பேசவில்லை. எட்டாவது மாசம், ஏழாவது மாடியில் அவர் ஏறியபோது லிஃப்ட் காலியாக இருந்தது; லிஃப்டக்கா கைப்பிடியைத் தொடாமல் நின்றாள்.

“அம்மா, பேரை முன்னால வெக்கச் சொன்னது நான்தான்.”

“தெரியும்” என்றார் தூறலம்மா. “நான் அங்கதான இருந்தேன்.”

“திட்டுங்கம்மா. மனசுல வெச்சுக்காதீங்க.”

“திட்டறதுக்கு ஒண்ணுமில்ல. நானும் முடியாதுன்னு சொல்லல. இத்தனை பேர் எனக்காகப் போட்டாங்களேன்னு எனக்கும் தலை கிறுகிறுத்துப் போச்சு.” மூச்சு வாங்கினார். “ஆனா வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். உனக்குச் சமாதானத்துக்காகப் பொய் சொல்ல முடியல. அந்தப் பாட்டு போச்சேன்னு தினமும் ஒரு தடவை நினைச்சுக்கறேன்.”

“வேற யாரையாவது பாட வெச்சா? குழுவுல கேட்டா ஒரே நாள்ல பணம் சேரும்.”

“பாடிக் காட்டாம யாருக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறது? மெட்டு எழுதி வெக்கிற பழக்கம் எனக்கு எப்பவும் கிடையாது. கீபோர்டுக்காரருக்குத் தெரிஞ்சது தாளமும் தொடக்கமும்தான்.”

லிஃப்டக்கா கைப்பிடியைத் திருப்பினாள். ஆறாவது மாடி கடக்கும்போது, “மீதி வரியாவது சொல்லுங்கம்மா” என்றாள்.

தூறலம்மா அவள் காதருகே குனிந்து, அந்த உமிக் குரலில் சொல்லத் தொடங்கினார். நாலு வரிக்குப் பிறகு எட்டு வரி. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் காற்றுக்கு ஏது மெட்டு? எந்தச் சொல் ஏறும், எது இறங்கும், எங்கே நிற்கும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து மணி அடித்தது. கணக்காளர்தான், அவசரமாக அடித்துக்கொண்டே இருந்தார். அவள் நிறுத்தவில்லை. மூன்று கடந்தது, இரண்டு கடந்தது. தூறலம்மா கடைசி வரியைச் சொல்லி முடித்தார்.

கீழே லிஃப்ட் நின்றபோது, தரை ஒரு சாண் மேலே இருந்தது. காத்திருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். தூறலம்மா லிஃப்டக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மேலே தூக்கி வைத்து, மெதுவாக ஏறி வெளியே போனார்.

“என்னக்கா, இன்னிக்கு மட்டம் தப்பிப் போச்சு?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“தப்பிப் போச்சு” என்றாள் அவள். கதவை இழுத்துச் சாத்தி, லிஃப்டை ஒரு சாண் மேலே ஏற்றினாள்.